மலையிறக்கத்தில் ஹைபிரிட் கார்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொடைக்கானலில் இருக்கும் அப்பாவுக்கு ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) பார்க்கிறோம். அவருக்கு 68 வயது. இப்போதுள்ள பெட்ரோல் காரில் இறக்கத்தில் இரண்டாவது கியர் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எலெக்ட்ரிக் காரில் பெரும்பாலும் ஒரே கியர் விகிதம்தான். மோட்டார் பேட்டரியை சார்ஜ் செய்தபடி வேகத்தைக் குறைக்கும். சரி.

1997-இல் பிரியஸ் காரில் வந்த டொயோட்டா ஹைபிரிட் அமைப்பில் பெல்ட், கிளட்ச் இரண்டும் கிடையாது. ஒரே பல்சக்கரத் தொகுதிதான்: நடுப் பல்சக்கரத்தில் ஒரு மோட்டார், வெளி வளையத்தில் இன்னொன்று, இடையில் சுற்றும் பல்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின். அருமையான வேலை!

என் கவலை இதுதான்: நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால், மோட்டார் எஞ்சினைச் சுழற்றி மின்சாரத்தைச் செலவழிக்குமாம். அப்போது பிடிமானம் குறையுமா? பிரேக் சூடாகுமா? இறக்கத்தில் எஞ்சினால் வண்டியை இழுத்துப் பிடிக்க கியர் லீவரில் இருக்கும் ‘பி’ (B) நிலையை எந்த இடத்திலிருந்து போடுவீர்கள்?