கம்யூனிட்டி போஸ்டிங்ல (நர்சிங் படிப்புல ஊருக்குள்ள போற பயிற்சி) வீட்டு வாசல்ல நின்னு என்ன பேசுறது?

நர்சிங் பொண்ணு: மேலூர் பக்கம் பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) போஸ்டிங். வார்டுல பேஷன்ட் நம்மகிட்ட வருவாங்க, இங்க நாமதான் வாசல்ல நிக்கணும், "ஊசி போடவா வந்திருக்க தாயி"ன்னு கேட்டுட்டு உள்ள போயிடுறாங்க.

விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்கா: பகல்ல எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாங்க, சாயங்காலம் போ. எடுத்ததும் ஃபார்மை நீட்டாத, திண்ணையில உக்காந்து தண்ணி கேளு. கர்ப்பிணி இருந்தா இரும்புச்சத்து மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லு, மிச்சத்தைப் பாத்தாலே முழுங்குறாங்களான்னு தெரிஞ்சிரும். நிறைய பேரு டீயோட முழுங்குவாங்க, டீ இரும்பை உடம்புல சேரவிடாது, எலுமிச்சை சாறு நல்லது.

உசிலம்பட்டிக்காரன்: மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்துச்சுல்ல, சுகர் மாத்திரை குடுக்கப் போற அக்காகூட ஒட்டிக்கோங்க, கதவு தானா திறக்கும்.

நர்சிங் பொண்ணு: இன்னைக்கு அட்டை கேட்டேன்க்கா, வெளிக்கி கருப்பா போகுதுன்னு நிறுத்திட்டாங்களாம்!

விஎச்என் அக்கா: மாத்திரைக்கு அப்படித்தான் போகும், மாமியாரையும் உக்கார வச்சு சொல்லு.