பத்தாம் வகுப்பில் அந்த ஒரு மணி நேரம்: யாருக்கு நியாயம்?

கணக்கு வாத்தியார்:
நேற்று வேறொரு இழையில் ஒருவர், "ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே பத்தாவது வரை கொண்டுவந்துவிடலாம், பள்ளி மனது வைத்தால் போதும்" என்று எழுதியிருந்தார். 22 வருடமாக வகுப்பில் நிற்கிறவனுக்கு இதைப் படித்தால் எரிச்சல் வராதா? பொதுத்தேர்வில் இவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். கடைசிக் கணக்கை முடிக்கும் முன் மணி அடித்து, அழுதுகொண்டே தாளைக் கொடுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யார் தருவார்கள் ஒரு மணி நேரம்?

வைகைக்கரை:
அந்த "ஒருவர்" நான்தான் ஐயா. பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் அதில் இருக்கிறது. ஆட்டிசமும் அந்தச் சட்டம் சொல்லும் 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்று.

சேலத்துக்காரன்:
சட்டத்தில் ஆயிரம் இருக்கும். சிறப்புப் பள்ளி எதற்கு இருக்கிறது? வாத்தியார் சார் கேட்டது நியாயமான கேள்வி.

வைகைக்கரை:
போன மாதம் தமிழ்வழிக் கல்வி பற்றிய இழையில் நான் உங்களைக் கேள்வி கேட்டேன் என்பதற்காக இங்கே வந்திருக்கிறீர்கள், தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

என் மகனுக்கு ஆட்டிசம். சத்தமும் திடீர் மாற்றமும் அவனுக்குத் தாங்காது. ஐந்தாவது வரை நன்றாகத்தான் இருந்தான். ஒரே டீச்சர், ஒரே அறை. ஆறாவதில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். ஒருவர் கரும்பலகையில் எழுதுவார், ஒருவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார். மணி அடித்தால் காதைப் பொத்துவான். சாப்பாட்டு இடைவேளையில் பையன்கள் அவன் பின்னால் நின்று டிபன் பாக்ஸைத் தட்டுவார்கள், அவன் கத்துவதைப் பார்க்க. கத்தினான் என்று கடிதம் எனக்கு வரும். தட்டியவர்கள் வீட்டுக்கு ஒரு கடிதமும் போகாது.

ஏழாவதில் ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். கால அட்டவணையை எழுதி அவன் மேசையில் ஒட்டினார். நாளைக்கு ஆய்வகம் என்றால் இன்றைக்கே சொன்னார். சுவரோரம் உட்கார வைத்தார். தாங்கவில்லை என்றால் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று வரலாம் என்றார். முதல் வாரம் தினமும் நான்கு முறை போனான். தீபாவளிக்குள் வாரத்துக்கு ஒரு முறை ஆகிவிட்டது. இதற்கு அரசாணை வேண்டுமா, பணம் வேண்டுமா?

கணக்கு வாத்தியார்:
நான் கேட்டது ஒரு மணி நேரம் பற்றி. வேப்பமரம் பற்றி இல்லை.

வைகைக்கரை:
சரி, அதையே சொல்கிறேன். ஒன்பதாவது காலாண்டுத் தேர்வு. பள்ளியில் கெஞ்சி வாங்கிய ஒரு மணி நேரம். தனி அறை கேட்டேன், இல்லை என்றார்கள். மூன்று மணி நேரம் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் பெஞ்சை இழுத்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். வராந்தாவில் அரை மணி நேரம் ஒரே கூச்சல். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் எழுதியது நான்கு வரி.

கணக்கு வாத்தியார்:
நேரம் கிடைத்ததா இல்லையா? கிடைத்தது. என் மாணவிக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் என் கேள்வி.

தமிழ்நேயன்:
இருவரும் ஆட்டிசம், ஆட்டிசம் என்கிறீர்கள். மதியிறுக்கம் என்ற சொல் இருக்கிறதே. அரசு ஆவணங்களில் புற உலக சிந்தனையற்றோர் என்றும் எழுதுகிறார்கள்.

வைகைக்கரை:
அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு நாய்க்குக் காலில் அடிபட்டால் இரவு முழுவதும் தூங்காத பிள்ளை அவன். அவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை?

தமிழ்நேயன்:
மதியிறுக்கத்தைத்தான் நான் பரிந்துரைத்தேன். முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள் அம்மா.

வைகைக்கரை:
மதி இறுகியும் போகவில்லை.

மல்லிகா டீச்சர்:
நான் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. வைகைக்கரை அம்மா, உங்கள் அறிவியல் டீச்சருக்கு என் வணக்கம். ஆனால் மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் மனசில்லாதவர்கள் என்ற தொனியில் எழுதுகிறீர்கள், அது வலிக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் எங்கள் பள்ளிக்கு மட்டும் உரியவர் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வருவார், பெயரேட்டில் குறித்துவிட்டு அடுத்த பள்ளிக்கு ஓடுவார். இப்படிப்பட்ட எத்தனை மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று வரையறுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஆள் எங்கே?

வைகைக்கரை:
டீச்சர், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் ஆள் வரும் வரை மேசையில் ஒரு அட்டவணை ஒட்டுவதற்கு யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

மல்லிகா டீச்சர்:
பார்த்தீர்களா, மறுபடியும் அதே தொனி.

சேலத்துக்காரன்:
இவரோடு பேசினால் இப்படித்தான். தமிழ்வழி இழையிலும் கடைசிப் பதிவு இவருடையதுதான்.

வைகைக்கரை:
ஆமாம், பேசுவேன். வரும் மார்ச்சில் அவன் பத்தாவது எழுதப் போகிறான். பத்தேகால் மணிக்கு எழுத ஆரம்பித்தால் ஒன்றேகாலுக்கு மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். இவன் இரண்டேகால் வரை உட்கார வேண்டும். பசியோடு, களைப்போடு. அதைச் சலுகை என்று ஒரு கணக்கு வாத்தியாரே சொல்கிறார். தனி அறைக்கும் சொல்வதை எழுதுபவருக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு இப்போதிருந்தே அலைந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு நாள் என்னோடு வந்து அந்த அலுவலக வரிசையில் நில்லுங்கள் ஐயா. அப்புறம் பேசலாம்.

கணக்கு வாத்தியார்:
நிற்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான் அம்மா. 60 நிமிடம். அது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

வைகைக்கரை:
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் போகிறேன். வருகிறீர்களா, இல்லையா?