காவல் நிலையத்தில் 120 மணி நேரம் தன்னார்வப் பணி, சான்று கிடைக்கவில்லை

வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உள்ளூர்க் காவல் நிலையத்தில் வாரம் 2 நாள், நாளுக்கு 4 மணி நேரம் என்று 15 வாரம் தன்னார்வலராக இருந்தேன். முடித்து 6 வாரம் ஆகியும் சான்றிதழ் வரவில்லை. கல்லூரியில் ஒப்படைக்க இன்னும் 10 நாள்தான் இருக்கிறது.

என்னைச் சேர்த்துக்கொண்ட ஆய்வாளர் இடமாற்றலில் போய்விட்டார். புதிதாக வந்தவர், "நான் பார்க்காத வேலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

பெரும்பாலும் வரவேற்பு மேசையில் மனு எழுதிக் கொடுக்கும் வேலை. கைபேசியைத் தொலைத்த ஒரு பெரியவர் பழைய அட்டைப்பெட்டியோடு வந்தார். அதன் ஓரத்தில் அழிந்தும் அழியாமலும் இருந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கைபேசியின் அடையாள எண்) இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்து எழுதினோம். அந்த மனுக்களை எழுதியது நான்தான், ஆனால் என் பெயர் எதிலும் கிடையாது!

வருகைக்கு ஒரு நீள நோட்டு. வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்திடுவேன். முதல் 5 வாரம் அதுவும் இல்லை, அங்கேதான் கோட்டை விட்டேன். மீதி 80 மணி நேரத்துக்கான பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய ஆய்வாளரிடம் பேசினேன். "சொல்கிறேன்" என்றார், அப்புறம் போனை எடுக்கவில்லை. கல்லூரித் துறைத்தலைவர் கடிதத்தோடு 2 முறை நிலையத்துக்குப் போய் வந்தேன். பதில் இல்லை.

இந்தப் படங்களை வைத்து மேலதிகாரி அலுவலகத்தில் நேரடியாக மனு கொடுத்தால் சான்று தருவார்களா, இல்லை பழைய ஆய்வாளரிடம்தான் எழுதி வாங்க வேண்டுமா?