ஒப்படைப்புகளில் செயற்கை நுண்ணறிவு: துறையின் விதி எப்படி அமைய வேண்டும்?

கேள்வி:
வரும் பருவத்திலிருந்து முதுகலை ஒப்படைப்புகளுக்குப் பொருந்தும்படி ஒரு விதியை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளை அடியோடு தடை செய்துவிட்டு, கண்டறியும் மென்பொருள் இயந்திரம் எழுதிய பகுதி 20 விழுக்காட்டுக்கு மேல் என்று காட்டினால் மதிப்பெண் கிடையாது என்று எழுதிவிடலாம் என்கிறார்கள் மூத்த பேராசிரியர்கள் சிலர். மாணவர் மேல்முறையீடு செய்தால் இத்தகைய விதி நிற்குமா?

மறுமொழி 1:
நிற்காது. பிறர் எழுத்தைத் திருடியதைக் கண்டறியும் மென்பொருளை வழங்கும் டர்னிடின் நிறுவனம் 2023 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவு எழுத்தைக் கண்டறியும் வசதியை அதில் அறிமுகப்படுத்தியபோது, மனிதர் எழுதியதை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் காட்டும் வாய்ப்பு 1 விழுக்காடுதான் என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022இல் அந்த மென்பொருளுக்குத் தான் அனுப்பிய 75,000 தாள்களை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, சுமார் 750 தாள்கள் வீண்பழிக்கு ஆளாகியிருக்கும் என்று கண்டு, 2023 ஆகஸ்டில் அவ்வசதியையே நிறுத்திவிட்டது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமும் தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதற்கு முந்தைய மாதம் திரும்பப் பெற்றது.

ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று வந்தன. எளிய, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கத்தக்க சொற்களால் எழுதுவதே அங்கே குற்றமாகிவிடுகிறது.

மறுமொழி 2:
சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீடுகளை இரண்டு தடங்களாகப் பிரித்திருக்கிறது. நேரடிக் கண்காணிப்பில் நடக்கும் தேர்வு, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றில் ஆசிரியர் இக்கருவிகளைத் தடுக்கலாம். வீட்டிலிருந்து எழுதி வரும் ஒப்படைப்புகளில், பயன்படுத்தியதை மாணவர் ஒப்புக்கொண்டு குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, 2025 முதல் அனுமதியே பொது விதி. அமலாக்க முடியாத இடத்தில் தடை போடுவதில்லை என்ற அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுமொழி 3:
கொள்கை சரி; ஆனால் ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் வாய்மொழித் தேர்வு வைக்க எந்தத் துறையில் ஆளிருக்கிறது? ஆய்வேட்டுக்கும் ஒரு முதன்மை ஒப்படைப்புக்கும் மட்டும் பத்து நிமிட நேர்காணல் வைத்து, எஞ்சியவற்றின் மதிப்பெண் பங்கைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, விதி மாணவருக்கு மட்டும் என்று நிறுத்திவிடாதீர்கள். பிரிட்டனில் ஆய்வுக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமத்தைச் சேர்ந்த 24 பல்கலைக்கழகங்கள் 2023 ஜூலையில் வெளியிட்ட கோட்பாடுகள், மாணவரோடு ஆசிரியருக்கும் இக்கருவிகளில் தேர்ச்சி வேண்டும் என்கின்றன. மாணவரின் ஆய்வேட்டை அவர் சம்மதமின்றி இலவசச் செயலியில் ஏற்றி மதிப்பெண் போடும் ஆசிரியரையும் உங்கள் விதி கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 20 விழுக்காட்டு வரியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு ஒப்படைப்பின் தலைப்பிலும் எந்த அளவுக்கு அனுமதி என்பதை ஆசிரியரே எழுத வேண்டும் என்று மாற்றி, ஆசிரியர்களுக்கான பத்தியையும் சேர்த்து, வரைவைத் துறைக் கூட்டத்தில் வைக்கிறேன். எதிர்ப்பு அந்தப் பத்திக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன்.