புகையிலைத் தடுப்பு வகுப்பு எடுபடவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. ஏற்காடு மலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளில் பலர் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்து வருபவர்கள். புகையிலைத் தடுப்பு வகுப்பு என் பொறுப்பு. 2003 சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று பலகை வைத்தாயிற்று, உறுதிமொழியும் எடுத்தாயிற்று.

சிக்கல் பள்ளிக்குள்ளேதான். பொட்டலத்தோடு பிடிபட்ட பையனைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, டி.சி. கொடுத்துவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். அப்புறம் வகுப்பில் நான் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்றால் யார் வாயைத் திறப்பான்? சக ஆசிரியர்களோ, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை யார் காட்டுவது என்கிறார்கள். ஆள் குறைவு, அவர்கள் சுமையும் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் பயந்து கிடக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல கையேடும் தாளோடு நின்றுவிடும்.

மிரட்டலை விட்டுப் பேச்சுக்கு மாறிய பள்ளி சேலம் மாவட்டத்தில் இருக்கிறதா? தலைமையாசிரியரிடம் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்? பெற்றோரை எப்போது கூப்பிட்டீர்கள்? தோட்ட வேலை முடிந்து அவர்கள் வரவே இருட்டிவிடுகிறது. உங்கள் அனுபவத்தை விரிவாகவே எழுதுங்கள், ப்ளீஸ்.