யுவான்மிங்யுவானின் மேற்கத்திய மாளிகைகளைப் பார்த்தவர்கள் பகிருங்கள்

நெடுவழி:
பெய்ஜிங்கின் பழைய அரச தோட்டமான யுவான்மிங்யுவானில், ஐரோப்பியப் பாணி மாளிகைகளுள் ஒன்றான ஹையன்தாங் முன்னால் வறண்டு கிடக்கும் நீரூற்றைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும். சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளுடைய வெண்கலத் தலைகள் முறைவைத்து இரண்டிரண்டு மணி நேரம் நீர் உமிழ்ந்து பொழுதைக் காட்டிய இடம் அது; நண்பகலில் பன்னிரண்டும் ஒருசேரப் பீய்ச்சுமாம். நான் போன அன்று ஒரு முதியவர் தம் பேத்தியை அங்கே நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சீனம் அறியாத எனக்கு, நான்காவது விடைக்கு அவள் இரு விரல்களை முயல்காதுகளாகத் தலைமேல் உயர்த்தியபோதுதான், இப்போது அங்கே இல்லாத அந்த விலங்குகளை அவர்கள் எண்ணுகிறார்கள் என்பது விளங்கியது. ஐரோப்பியக் கலையை விரும்பிக் கட்டிய தோட்டத்தை 1860 அக்டோபரில் ஐரோப்பியப் படையே எரித்தது என்பதைப் படித்து அறிந்திருந்தும், அந்த விரல்களைக் கண்டபோதுதான் நெஞ்சு கனத்தது.

கல்தச்சன்:
‘ஐரோப்பியக் கலை’ என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியான்லோங்குக்காக இயேசு சபைத் துறவி காஸ்திலியோனே வடிவமைத்த மாளிகைகள், செதுக்கிய கல்தூண்களின் மேல் சீன வண்ண ஓட்டுக் கூரையைத் தாங்கியவை; ஐரோப்பிய ஊற்றுகளில் ஆடையற்ற உருவங்கள் நிற்கும் இடத்தில் இங்கே விலங்குகள் நின்றன. மேலும், இம்மாளிகைகள் தோட்டத்தின் வட எல்லையில் ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே இருந்தன. இம்மாளிகைகளைக் காட்டும், 1780களில் அச்சான 20 செப்புத்தகட்டு ஓவியங்களின் படிகளை ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். அவற்றில் மனிதர்களே இல்லை. நீரூற்றுகளை அமைத்த பெனுவா 1774இல் மறைந்தபின் நீரேற்றும் பொறி பழுதடைய, பேரரசர் வரும் நாள்களில் நீரைச் சுமந்து நிரப்பியவர்களைத்தான் அந்த வெற்று முற்றங்களில் என் கண்கள் தேடின.

ஆழிவண்ணன்:
நான் பார்த்தது வேறோர் இடம். பெய்ஜிங்கிலேயே உள்ள கோடைக்கால அரண்மனையின் ஏரியில் நிற்கும் பளிங்குப் படகை நெருங்கியபோது, மேல்தளம் பளிங்கன்று, பளிங்குபோலத் தீட்டிய மரம் என்று கண்டு நெடுநேரம் நின்றுவிட்டேன். 1893இல் புதுப்பித்தபோது நீராவிக் கப்பலைப்போலப் பக்கவாட்டில் சக்கரங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

இனிச் செல்பவர்களுக்குச் சில சொற்கள். கோடைக்கால அரண்மனையும், பழைய கோடைக்கால அரண்மனை எனப்படும் யுவான்மிங்யுவானும் வெவ்வேறு இடங்கள். வாடகைக்காரில் ஏறும்முன் சீன எழுத்தில் பெயரைக் காட்டுங்கள். மேற்கத்திய மாளிகைப் பகுதிக்குத் தனி நுழைவுச்சீட்டு வேண்டும். வாயிலிலேயே சேர்த்து வாங்குங்கள். தோட்டம் மிகப் பெரியது, ஆகவே நடப்பதற்கேற்ற காலணி அணியுங்கள். அங்குள்ள புதிர்வழி பிற்காலத்தில் மீளக் கட்டப்பட்டது என்றாலும், இலையுதிர்கால முழுநிலவு இரவில் அரண்மனைப் பெண்கள் விளக்கேந்தி அதன் நடுமண்டபத்தை நோக்கி ஓட, பேரரசர் அங்கமர்ந்து பார்த்த கதையை நினைத்துக்கொண்டு உள்ளே நடங்கள். முதலில் அதை முடித்துவிட்டு ஹையன்தாங்கிற்கு நண்பகலில் போய்ச் சேருங்கள்.