சல்ஃபேட் இல்லாத ஷாம்புவுக்கு மாறியும் முடி பிசுபிசுக்கிறது, சீப்பில் சாம்பல் நிறப் பசை. உதவி தேவை

மொட்டைமாடிக்காரி:
தோளுக்குக் கீழே இறங்கும் அலைமுடி, இழை மெல்லிசு. உச்சியில் இரண்டாம் நாளே எண்ணெய் வடியும், நுனியோ தேங்காய் நார். நாலு மாதத்துக்கு முன் பல்லாவரம் பக்கம் குடிவந்தோம், போர்த் தண்ணீர்தான். ஷாம்புவில் நுரைத்து அழுக்கெடுக்கும் சல்ஃபேட்தான் வில்லன் என்று எங்கோ படித்துவிட்டு, 600 ரூபாய் கொடுத்து சல்ஃபேட் இல்லாத ஷாம்பு வாங்கினேன். கூடவே ஷியா வெண்ணெய் போட்ட சுருள்முடிக் க்ரீம். இப்போது தலை காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு போவதில்லை. சீப்பின் பல்லிடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ சேர்கிறது, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உருள்கிறது. பொடுகு, அரிப்பு எதுவும் இல்லை. எந்த ஷாம்பு வாங்கலாம்?

பழைய வேதியியல் வாத்தியார்:
வாங்குவது இருக்கட்டும். புட்டியைத் திருப்பி, சேர்மானங்களில் முதல் நாலைந்தை எழுதுங்கள். அதிகம் இருப்பது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளதை எந்த வரிசையிலும் போடலாம், அதனால் முன்பக்கம் படம் போட்ட செம்பருத்தி வாசனைப் பொருளோடு கடைசியில் உட்கார்ந்திருக்கும். வேறு எதையாவது தலைக்குப் போடுகிறீர்களா?

மொட்டைமாடிக்காரி:
ஷாம்பு: தண்ணீர், கோகாமிடோப்ரோபைல் பீட்டெய்ன், டெசைல் குளுக்கோசைடு, கிளிசரின். க்ரீம்: தண்ணீர், ஷியா வெண்ணெய், சீட்டரைல் ஆல்கஹால். ஆல்கஹால் முடியைக் காயவைக்குமாமே? ஷவர் ஓட்டையில் பாதி சுண்ணாம்பு அடைத்துக் கிடக்கிறது. அப்புறம், ஞாயிறு எண்ணெய் வைத்தால் இந்த ஷாம்புவுக்குப் போகாது. அன்றைக்கு மட்டும் அம்மா கொடுத்துவிட்ட சீயக்காய் சோப்பு.

பழைய வேதியியல் வாத்தியார்:
சோப்பா! உறையில் சோடியம் பாமேட் என்று இருக்கிறதா?

மொட்டைமாடிக்காரி:
முதல் பெயரே அதுதான் சார்.

பழைய வேதியியல் வாத்தியார்:
அப்படியானால் ஷாம்புவைத் திட்டாதீர்கள். சோடியம் பாமேட் என்றால் பாமாயில் சோப்பு. போர்த் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்தால் கரையாத பசையாகத் திரியும். வாளி ஓரத்தில் வளையமாக ஒட்டுகிறதே, அதேதான் உங்கள் சீப்பிலும். உங்கள் ஷாம்பு மென்மையானது, ஒட்டிய பசையை அதனால் முழுக்க எடுக்க முடியாது. அதன்மேல் மெல்லிய இழைக்கு ஷியா வெண்ணெய் வேறு.

சோப்பை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஒரு தடவை அலசுங்கள், கண்ணில் படாமல். எண்ணெய் வைத்த நாளுக்கு மட்டும் சோடியம் லாரெத் சல்ஃபேட்டும் இடிடிஏவும் உள்ள சாதாரண ஷாம்பு போதும், விலை குறைந்ததாகவே கிடைக்கும். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற நாட்களில் இப்போதுள்ளதே இருக்கட்டும். சீட்டரைல் ஆல்கஹாலுக்குப் பயப்படவேண்டாம், அது மெழுகு வகை, முடியை மிருதுவாக்கத்தான் போடுகிறார்கள். காயவைப்பது எத்தனால் வகை.

தாமிரபரணி அக்கா:
சீயக்காயை வேண்டாம் என்று சொல்லிவிடாதீங்க சார்! நாங்க பொடியை வடிகஞ்சியில் குழைத்துத்தான் தேய்ப்போம், ஒரு பிசுக்கும் வராது.

பழைய வேதியியல் வாத்தியார்:
பொடி வேறு, சோப்பு வேறு அக்கா. பொடியில் நுரைப்பது சப்போனின், அது கால்சியத்தோடு இப்படிப் பசையாகாது. சோப்புக்கட்டியில் சீயக்காய் பெயருக்குத்தான் இருக்கும். பொடியை நன்றாகச் சலிக்கவேண்டும், இல்லாவிட்டால் சுருளுக்குள் துகள் மாட்டிக்கொள்ளும்.

மொட்டைமாடிக்காரி:
எண்ணெயையே விட்டுவிடலாமா?

பழைய வேதியியல் வாத்தியார்:
வேண்டாம். தேங்காயெண்ணெய் இழைக்குள் இறங்கும். முடியிலிருந்து புரதம் கழிவதை அது குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் குறைப்பதில்லை என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. உச்சியை விட்டுவிட்டு, காதுக்குக் கீழே மட்டும் ஒரு கரண்டி. குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வைத்தால் போதும்.

மொட்டைமாடிக்காரி (மூன்று வாரம் கழித்து):
முதல் வினிகர் அலசலிலேயே பிசுக்கு பாதி போய்விட்டது, வீடு முழுக்க ஊறுகாய் வாசனை. இரண்டாவது ஞாயிறுக்கு அப்புறம் சீப்பு சுத்தம். உச்சி மூன்று நாள் தாங்குகிறது. நுனி இன்னும் கொஞ்சம் நார்தான், வெட்டிவிடப் போகிறேன். க்ரீமைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குத் தடித்த சுருள்முடி, ஒரே சந்தோஷம். அம்மாவிடம் சோப்பு பற்றி இன்னும் சொல்லவில்லை. துணிக்குப் போடலாமா சார்?

பழைய வேதியியல் வாத்தியார்:
துணிக்கும் அதே போர்த் தண்ணீர்தானே!